வலது தொடை எங்கள் பாத்தியதை

சில குடும்பங்களுக்குத் தேர் வடத்தை முதலில் தொடும் பாத்தியதை இருக்கும். சில குடும்பங்களுக்கு முதல் தாம்பூலம். எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்தது ஒரு தொடை. அதுவும் வலது தொடை.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் நின்றாலும் நிற்காமல் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாளில், கூத்து நடந்து முடிந்த திடலில், ஏரி வண்டலைக் குழைத்து ஒரு ராசாவைச் செய்து மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். தலையில் நின்று கூப்பிட்டால் காலில் நிற்பவனுக்குக் கேட்காது, அவ்வளவு நீளம். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் ஒருவரும் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை. "படுத்துக்கினு கீறவரு" என்பார்கள். சபை நடுவே தன் தொடையைத் தட்டி, ஒரு பெண்ணை அதில் வந்து உட்காரச் சொன்னவர் என்றால் போதும், எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

அந்தக் குற்றத்துக்காக, பொழுது சாய்வதற்குள், கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு கூத்துக்காரர் ஓடிவந்து அந்தத் தொடையில் ஒரு போடு போடுவார். உள்ளே புதைத்து வைத்த சட்டி உடைந்து குங்குமத் தண்ணீர் பீறிடும். ஊரே "கோவிந்தா!" என்று கத்தும். அடுத்த நிமிஷம் எல்லாரும் பாய்ந்து தொடை மண்ணை அள்ளுவார்கள். ஒரு பிடி அரிசிப் பானையில் போட்டால் வீட்டில் எதுவும் குறையாது, எதுவும் தவறிப்போகாது.

ராசாவின் உடம்பைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். தலை ஒரு வீட்டுக்கு, மார்பு ஒரு வீட்டுக்கு. மீசைக்குப் பங்காளிகளுக்குள் தகராறு. ஒரு வருஷம் ஆளுக்கு ஒரு பக்கம் செய்து, ஒரு மீசை முறுக்கியும் ஒரு மீசை தொங்கியும் ராசா பாதி கோபமாகவும் பாதி துக்கமாகவும் செத்தார். வலது தொடை எங்களுக்கு. அது மற்ற உறுப்புகளைப் போல இல்லை. வெளியே பார்த்தால் யானைக்கால் மாதிரி இருக்க வேண்டும், உள்ளே வெறும் பொந்தாக, பொள்ளலாக இருக்க வேண்டும். ஒரே அடியில் உடைய வேண்டும். கூத்துக்காரர் இரண்டாவது அடி அடிக்க நேர்ந்தால் எங்கள் வீட்டு மானம் போயிற்று.

இன்னொரு விதியும் உண்டு. செய்தவரைப் பொழுதுக்குள் உடைத்தாக வேண்டும். முழுசாக விட்டுவிட்டால், போகும்போது துணைக்கு ஒரு உயிரைக் கூட்டிக்கொண்டு போவார்.

இதையெல்லாம் கேட்டு நான் சிரிக்கிறவன். எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஒரு உரக்கடையில் எனக்கு வேலை. செவ்வாய்க்கிழமை மூட்டை எடுக்க மாட்டேன் என்று திரும்பிப் போகிற விவசாயியை, "யூரியாவுக்கு ஏதுய்யா செவ்வாக்கெழம? அது இன்னா கல்யாணப் பொண்ணா?" என்று கேட்டுக் கடைத்தெருவையே சிரிக்க வைப்பேன். பகுத்தறிவில் என்னை மிஞ்ச டீக்கடையில் ஆள் கிடையாது.

என் மனைவி முதல் தடவை உண்டானபோது அது மூன்றாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. ஒரு விடியற்காலையில் அவள் புடவையைப் பார்த்தேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் அப்புறம் யாரும் பேசவில்லை.

இரண்டாம் தடவை உண்டானதும் என் பகுத்தறிவு சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டது. பிள்ளைத்தாச்சியின் புருஷன் என்னென்ன செய்யக் கூடாது என்று ஊரில் ஒரு பாட்டம் சொல்வார்கள். முடி வெட்டக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது. அத்தனையையும் யாருக்கும் தெரியாமல் கடைப்பிடித்தேன். எவனாவது செத்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். தாடி மார்பை நோக்கி இறங்கியது. கடையில் கேட்டவர்களிடம் "ஸ்டைலு" என்றேன். நாலு பேர் நம்பினார்கள், ஒருவன் தானும் வளர்த்தான்.

இந்த நிலைமையில், ஐந்தாம் மாதத்தில், அவளுக்கு மசக்கை ஆசை வந்தது. மற்றவர்களுக்கு மாங்காய், புளி, சாம்பல். என் மனைவிக்குக் கடல்.

"காணும் பொங்கலுக்கு எல்லாரும் மாபலிபுரம் போறாங்க. எனக்கும் சமுத்திரம் பாக்கணும்."

"கடலுக்கா? மாசமா கீறவளா?" என்று நான் என் மாமியாரைப் பார்த்தேன். விதிமுறைகளில் அந்த அம்மாள் கோர்ட்டு மாதிரி. கட்டாயம் தடுத்துவிடுவார் என்று நம்பினேன்.

"கூட்டிக்கினு போ மாப்ள," என்றார். "ஆசப்பட்டத்த குடுக்கலன்னா பொறக்கற கொயந்தைக்கு காதுல சீயி வடியும்."

ஒரு விதியை இன்னொரு விதி அடித்துவிட்டது. மேல்முறையீடு இல்லை.

நான், மனைவி, மாமியார், மச்சினன், நான்கு பேரும் செங்கல்பட்டில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். மச்சினன் டிராக்டர் ஓட்டுபவன், என்னைவிட ஒரு சுற்று பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்த ஆத்திரம் கடலைப் பார்த்ததும் எல்லாருக்கும் தணிந்தது. மாமியாரைத் தவிர. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஏரிதான். அதற்குக் கரை உண்டு, மிச்சத் தண்ணீர் வழியக் கலங்கல் உண்டு, ஒரு ஒழுங்கு உண்டு.

"இத்தினி தண்ணிக்கு மதகு எங்கடா?" என்று மகனைக் கேட்டார்.

"மதகு இல்லம்மா. பாசனமும் இல்ல."

"அப்ப எதுக்குடா கீது?"

"சும்மா கீது."

"நல்லா கீது போ," என்று கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்தார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் மைக் கூவியது. ஏதோ ஒரு மன்றத்துக்காரர்கள், கயிறு கட்டி இடம் பிரித்து, மணல் சிற்பப் போட்டி நடத்துகிறார்களாம். குடும்பத்தோடு கலந்துகொள்ளலாம். மணலிலே எதை வேண்டுமானாலும் செய்யலாம். முதல் பரிசு எவர்சில்வர் அண்டா. மாமியார் அப்போதுதான் கடல் பக்கம் திரும்பினார்.

"மாமா!" என்று மச்சினன் என் தோளைப் பிடித்தான். "அண்டா நம்மளுது."

"இன்னாடா செய்யப் போற?"

"நான் இன்னா செய்றது? நீ கீறியே!" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பி, "எங்க மாமா தொடைக்காரருங்க! வருசா வருசம் தொடை போடற பரம்பரை!" என்று மைக் இல்லாமலே அறிவித்தான். நாலு பேர் என் தொடையைக் குனிந்து பார்த்தார்கள்.

பாடையையே தூக்கக் கூடாதவன் பிணத்தையே செய்வதா? ஆனால் அதை வெளியே சொல்ல முடியுமா? நான் யார், யூரியாவுக்கே பகுத்தறிவு ஊட்டியவன்!

"இடுப்பு வலிக்குதுடா," என்றேன்.

"உர மூட்ட தூக்கசொல்ல வலிக்காத இடுப்பு, மண்ணுக்கு மட்டும் வலிக்குதா?"

அப்போது எனக்கு ஒரு வக்கீல் யோசனை தோன்றியது. தொடையை மட்டும் செய்தால்? தொடை என்பது உடம்பு ஆகாது. உடம்பு இல்லையென்றால் பிணமும் இல்லை. "நான் தொடை மட்டும் போடறேன். மீதிய நீ பாத்துக்க," என்றேன். கடவுளுக்கும் மச்சினனுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்ட திருப்தி.

மணலில் கை வைத்ததும் சனியன் பிடித்தது. கடல் மணல் எங்கள் வண்டலைப் போலச் சொன்னபடி கேட்காது. ஈரமிருக்கும்வரை மாமியார் வீட்டு மருமகன் மாதிரி அடங்கியிருக்கும், காய்ந்ததும் சரிந்து எல்லாவற்றையும் கொட்டிவிடும். குவித்து, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினேன். தென்னை மட்டையால் சீவினேன். பக்கத்தில் ஒரு குடும்பம் ஆமை செய்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒருவர் தனியாக லாரி செய்துகொண்டிருந்தார், சக்கரத்துக்கு மேல் போகவில்லை. நான் எதையும் கவனிக்கவில்லை. முட்டிக்கு மேலே சதை எப்படித் திரள வேண்டும், எங்கே ஒடுங்க வேண்டும் என்பதில் மூழ்கிவிட்டேன். கை தன் பழக்கத்தில் உள்ளே பொள்ளல் விட்டது. ஊரில் அதன்மேல் பரப்பும் பனையோலை இங்கே இல்லை, புளிச்சோறு சாப்பிட்ட வாழையிலையைக் கூரையாகப் போட்டேன்.

பொள்ளல் விட்டால் உள்ளே சிவப்பு இல்லாமல் எப்படி? அதுதான் பரம்பரை. எழுந்துபோய் ஒரு தள்ளுவண்டிக்காரனிடம் ரோஸ் சர்பத் கேட்டேன். சட்டியில் மீதி இருந்த அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி நூலால் கட்டிக் கொடுத்தான். தொடைக்குள் பதித்து, மேலே மணல் மூடி, பதமாகத் தட்டிவிட்டேன். எங்கள் அப்பா பார்த்திருந்தால் கூடக் குறை சொல்லியிருக்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் மனைவி வந்து சொன்னாள்: "சர்பத்து கேட்டா இல்லையாம். யாரோ மண்ட கெட்டவன், கடேசியா இருந்தத்த பையில வாங்கிக்கினு பூட்டானாம்."

"காணும் பொங்கல்ல எல்லாத்துக்கும் பேஜாருதான்," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தபோதுதான் மச்சினன் என் தொடைக்கு மேலும் கீழும் என்ன செய்திருக்கிறான் என்று தெரிந்தது. டிராக்டர் ஓட்டுகிறவன் மண்ணைத் தள்ளிய வேகம்! ஆறு ஆள் நீளத்துக்கு ராசா மல்லாந்திருந்தார். இளநீர் மட்டையில் கிரீடம், கரை ஒதுங்கிய அறுந்த வலையில் மீசை, இரண்டு பக்கமும் முறுக்கியது. கண்ணுக்குச் சிப்பி. அந்தக் கண் நேராக என்னைப் பார்த்தது. கூட்டம் கூடிவிட்டது. மைக்காரரே வந்து "அடடா" என்றுவிட்டுப் போனார்.

மாமியார் அண்டா ஆசையோடு வந்து சுற்றிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது.

"நல்லாத்தான் கீது. ஆனா பொணம் கணக்கா கீதே மாப்ள."

அவ்வளவுதான். தொழில் மயக்கம் தெளிந்தது. என் கையால் ஒருவரைச் செய்து படுக்க வைத்திருக்கிறேன். கண்ணும் திறந்தாயிற்று. ஊரில் என்றால் அடிக்கக் கூத்துக்காரர் இருப்பார், கதாயுதம் இருக்கும். இங்கே யார் இருக்கிறார்கள்? பரிசு கொடுக்க வேண்டிய பெரிய மனிதர் இன்னும் வரவில்லை என்று மைக் சொன்னது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அலை ஒவ்வொன்றும் ஒரு சாண் அதிகமாக ஏறி, ராசாவின் பாதத்தை நக்கிப் பார்த்துவிட்டுப் போனது. உடையாமல் முழுசாகப் போகப் போகிறார். போகும்போது துணைக்கு...

மனைவி சற்றுத் தள்ளி வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள்.

எப்படியாவது அந்தத் தொடையை உடைத்துவிட வேண்டும். ஆனால் நான் உடைத்ததாக இருக்கக் கூடாது.

முதலில் நாயை நம்பினேன். பாதி வடையைத் தொடை மேல் போட்டு, "ச்சூ, ச்சூ" என்று ஒரு கறுப்பு நாயைக் கூப்பிட்டேன். பிராண்டிக் குதறும் என்று நினைத்தேன். அது பூப்போல வந்து வடையை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டு, தொடை நிழலில் சுருண்டு படுத்தது. ராசாவுக்கு நாய் காவல் இருக்கிறது என்று கூட்டம் அதையும் சேர்த்துப் பாராட்டியது.

அடுத்து, தடுக்கி விழப் பார்த்தேன். நல்ல வேகத்தில் வந்து, கால் இடறி, தொடையை நோக்கிச் சாய்ந்தேன். மச்சினன் பாய்ந்து பாதியில் பிடித்துவிட்டான். "பாத்து மாமா! அடி கிடி பட்டுடப் போவுது!" அந்தக் குடும்பத்தில் என் உடம்பைப் பற்றி யாரும் அப்படி அக்கறைப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கடைசியில் வாய்விட்டே கேட்டேன். "மச்சான், தொடைய ஒடச்சிடலாமா?"

"எதுக்கு?"

"சும்மா. மொறைக்கு."

"மொறைக்கா? சாமியே இல்லன்னு சொல்றவன் நீ. உனுக்கு இன்னா மொற? அண்டா வரட்டும், அப்பறம் ஒட."

அலை ராசாவின் முட்டியைத் தொட்டது. கரையோரம் ஒரு கார் வந்து நின்றது, மைக்காரர் ஓடினார், பெரிய மனிதர் இறங்கினார். மாலையும் கையுமாக நாலு பேர் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தார்கள். கூட்டம் விலகி வழி விட்டது.

அந்த வழியில் என் மனைவி வந்தாள். "கால் கடுக்குது," என்று பொதுவாகச் சொன்னாள். புடவையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்காருகிறவள் மாதிரி நிதானமாக ராசாவின் வலது தொடையில் உட்கார்ந்தாள்.

அந்தக் காலத்தில் சபையில் அவர் தட்டிக் கூப்பிட்டும் எந்தப் பெண் போய் உட்காரவில்லையோ, அதே தொடையில், இத்தனை யுகம் கழித்து, என் வீட்டிலிருந்து ஒருத்தி, அதுவும் மாசமாக இருக்கிறவள், கேட்காமலே போய் உட்கார்ந்துவிட்டாள்.

பொதக் என்றது. பரம்பரை வேலை, ஒரே அமுக்கு. தொடை உள்வாங்கியது. அவள் ஒரு முழம் கீழே, மெத்தையில் இறங்குகிற மாதிரி இறங்கினாள். இரண்டு பக்கத்திலிருந்தும் சிவப்பாகப் பீறிட்டு அவள் புடவையில் பரவியது.

அந்தச் சிவப்பை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

பையில் வாங்கி, நூல் கட்டி, என் கையால் உள்ளே வைத்தது என்பது எனக்கு நினைவில்லை. துளிகூட இல்லை. "டாக்டர்!" என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். தொடை உடைந்தால் எங்கள் வாய்க்கு ஒரு வார்த்தைதான் பழக்கம். "கோவிந்தா!" என்று அலறினேன். கூட்டத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். கடற்கரை முழுக்க "கோவிந்தா!" என்று திருப்பிக் கத்தியது. பெரிய மனிதரும் கையைத் தூக்கினார்.

நான் அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினேன். இடுப்பு வலி எங்கே போயிற்றோ. அவள் என் தலையில் குட்டினாள்.

"எறக்கி வுடு! எங்க தூக்கிக்கினு ஓடற?"

"ரத்தம்! ஆசுபத்திரிக்கு!"

"இன்னா ரத்தம்?" கையைப் பிசைந்தாள். "பிசுக்கு பிசுக்குன்னு ஒட்டுது." முகர்ந்தாள். ஒரு விரலை நாக்கில் வைத்தாள். அவள் முகம் மெதுவாக மாறுவதை ஒரு சாண் தூரத்திலிருந்து பார்த்தேன்.

"சர்பத்து," என்றாள். "அந்த மண்ட கெட்டவன் நீதானா?"

நாலு பேர் முன்னால் என்னை 'நீங்க' என்று சொல்லுகிறவள். அன்றைக்குச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உடைந்த சிற்பம் போட்டியில் சேராது என்று மைக் அறிவித்தது. அண்டா ஆமைக்குப் போயிற்று. மச்சினன் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்து நின்றான். மாமியார்தான் சமாதானம் சொன்னார்: "போவட்டும் வுடுடா. ஆம பூந்த வூடு வெளங்குமா? அந்த அண்டா நமக்கு வாணாம்." பெரிய அலை ஒன்று வந்து, தொடை உடைந்த ராசாவை முறைப்படி எடுத்துக்கொண்டு போயிற்று. கறுப்பு நாய் மட்டும் எழுந்து உதறிக்கொண்டது.

செங்கல்பட்டில் மாறிய பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவள் முந்தானை மடியில் கனமாக முடிந்திருந்தது. தண்ணீர் சொட்டி என் வேட்டி நனைந்தது.

"இன்னாது?"

"மண்ணு."

"எதுக்கு?"

"அரிசிப் பானைக்கு. தொட மண்ணு இல்ல? வுட்டுட்டா வருவாங்க?"

முன் சீட்டில் மச்சினன் தூங்கிவிட்டானா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "தெரிஞ்சேதான் குந்துனியா?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நாய்க்கு நீ வடை போட்டத்த பாத்துக்கினுதான் நின்னேன். அப்பவே தெரிஞ்சிப்போச்சி, இது உன்னால ஆவாதுன்னு."

கொஞ்ச நேரம் கழித்து அவள் கை என் கைமேல் வந்து இருந்தது. இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. பிசுக்கென்றும் இருந்தது.

அந்தப் பானை காலியாகும்வரை எங்கள் வீட்டுச் சோற்றில் கடல் நறநறத்தது. கோபம் தணிந்து ஒருநாள் சாப்பிட வந்த மச்சினன், முதல் கவளத்திலேயே தாடையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாக்கா இது, சோறு பூரா மண்ணு?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"புது அரிசி மச்சான், அப்டித்தான் இருக்கும்," என்று நான் இன்னொரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டு மென்றேன்.

வைகாசி வெயிலில் ஒரு திங்கட்கிழமை மகள் பிறந்தாள். காதில் சீழ் இல்லை, குரலில் மட்டும் தாய்மாமன். மறுநாள் காலையில் தாடியை எடுக்கக் கிளம்பினேன், பாதி வழியில் கிழமை நினைவுக்கு வந்து அப்படியே கடைக்குப் போய்விட்டேன். முன்பு நான் கிண்டல் செய்த அந்த விவசாயி, என் உபதேசத்தில் மனம் திருந்தி, யூரியா மூட்டை எடுக்க மாட்டுவண்டியோடு வந்து நின்றிருந்தார்.

"நாளைக்கு வாய்யா," என்றேன்.

"ஏன், ஸ்டாக்கு இல்லையா?"

"ஸ்டாக்கு கீது," என்று தாடியைத் தடவிக்கொண்டேன். "இன்னிக்கு செவ்வாக்கெழம."